என் விரல் போகாத இடம்

தில்லைநகரில் நான் டீ போட்டுக் கொடுத்த அலுவலகத்தின் சுவரில் என் விரல் தடம் மூன்று மாதம் ஒட்டியிருந்தது. ஒரு பெரிய காகிதம். அதில் செல்போன் திரையைப் பெரிதாக்கி வரைந்தது போல ஒரு கட்டம். கட்டத்துக்குள், நான் விரல் வைத்த இடங்களில் எல்லாம் சிவப்புப் புள்ளிகள். மேலே நெருக்கமாக, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றும், அடியில் ஒன்றுகூட இல்லை. அடியில் இருந்த அந்த வெள்ளையைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். ஃபிளாஸ்க் வைக்கிற மேஜைக்கு நேர் மேலே ஒட்டியிருந்ததால், டம்ளரில் டீ ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் அது என் கண்ணில் படும். முதலில் அதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போதும் குமட்டுகிறது.

நான் படித்தது ஐந்தாவது வரை. ஸ்ரீரங்கத்தில் ஒரு அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு, தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்த வேலை கிடைத்தது. காலையில் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி, இரண்டாவது மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து, பதினொன்றுக்கும் நான்குக்கும் டீ போட்டு, டம்ளர் கழுவி வைத்துவிட்டு வருவேன். அங்கே ஏழெட்டுப் பேர். எல்லாரும் என்னை ஆயாம்மா என்பார்கள். முதலாளிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடப்பார், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர்கள் வெப்சைட் செய்கிறவர்கள். ஜவுளிக்கடைக்கு, கல்யாண மண்டபத்துக்கு என்று செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் முதலாளி எல்லாருக்கும் லட்டு வாங்கி வந்தார். இனிமேல் சொந்தமாக ஒன்று செய்யப் போகிறோம் என்றார். வெப்சைட் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிற பெண் அங்கே ஒருத்தி இருந்தாள், துறையூர்ப் பக்கம். என் மேல் பிரியமாக இருப்பாள். அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கையில பிடிக்க முடியாத காசு ஆயாம்மா. கிரிப்டோன்னு பேரு. கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கும். அதைச் சில கம்பெனிங்க நம்மகிட்ட வாங்கி வச்சுக்கிட்டு வட்டி தர்றாங்க. யாரு எவ்வளவு வட்டி தர்றாங்கன்னு நாம ஒரே பக்கத்துல வரிசையா போட்டுக் காட்டப் போறோம். பாத்து, பிடிச்ச கம்பெனியில மக்கள் போட்டுக்கலாம்."

"பிடிக்க முடியாத காசுக்கு எப்படிம்மா வட்டி வரும்?"

"அதைக் கேட்டா சாருக்கே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாள். "தமிழ்ல யாரும் இதுவரைக்கும் போடல. அதனால நாம போடறோம்."

பக்கம் தயாரானதும் என்னைக் கூப்பிட்டார்கள். சுழல்கிற நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதில் உட்கார்ந்தது அன்றுதான். என் முன்னால் ஒரு செல்போன், அதற்கு மேலே என் கையைப் படம் பிடிக்க இன்னொரு செல்போன்.

"எது முதல்ல கண்ணுல படுதோ, அங்க விரல வைங்க ஆயாம்மா. அப்புறம் எங்க போகத் தோணுதோ அங்க போங்க. தப்பு, சரி ஒண்ணும் கிடையாது" என்றாள் அந்தப் பெண்.

"நம்ம ஆயாம்மாவுக்குப் புரிஞ்சா தமிழ்நாட்டுக்கே புரிஞ்ச மாதிரி" என்றார் முதலாளி. பின்னால் நான்கு பேர் நின்று பார்த்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் உதட்டை அசைத்து, எழுத்துக்கூட்டி, சன்னமாகச் சத்தம் போட்டால்தான் படிக்க வரும். கல்யாணமான புதிதில் ஒருநாள் மளிகை சுற்றி வந்த பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் பார்த்துவிட்டு, "அண்ணி ஆடு அசை போடற மாதிரியே இருக்காங்க" என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். அன்றிலிருந்து யாராவது பக்கத்தில் இருந்தால் நான் எழுத்தைப் பார்ப்பதில்லை. பஸ் போர்டுகூட, ஆள் இல்லாவிட்டால்தான் படிப்பேன்.

அதனால் அன்றைக்கும் பெரிய எழுத்தில் இருந்ததை மட்டும் பார்த்தேன். மேலே ஒரு நட்சத்திர வரிசை, கொழுத்த எழுத்தில் வட்டி. அதன் பக்கத்தில் வாழையிலைப் பச்சையில் ஒரு பட்டன். விரலை அங்கே வைத்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. படிக்க ஆரம்பித்தால் உதடு அசையும், பின்னால் நிற்கிற பிள்ளைகள் சிரிக்கும் என்று அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

"பச்சை! நேரா பச்சைக்குப் போயிட்டாங்க" என்று முதலாளி கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். எனக்கு நூறு ரூபாயும் ஒரு பப்ஸும் கிடைத்தது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை உட்கார வைத்தார்கள். ஒருநாள் பச்சை இடது பக்கம், ஒருநாள் வலது பக்கம். ஒருநாள் நட்சத்திரம் ஐந்து, ஒருநாள் நான்கரை. நான்கரை போட்டால் ஜனங்கள் அதிகம் நம்புகிறார்களாம். அது எந்தக் கம்பெனிக்கு, யார் போட்ட நட்சத்திரம் என்று கேட்டேன். "நாமதான் போடறோம் ஆயாம்மா" என்றாள் அந்தப் பெண், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

எந்தக் கம்பெனி மேலே வரும் என்பதும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தெரிந்தது. எவன் இவர்களுக்கு அதிகக் கமிஷன் கொடுக்கிறானோ அவன் மேலே. கமிஷன் எனக்குப் புதிது இல்லை. என் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்க அம்மா மண்டபம் ரோட்டில் நின்று, கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களை லாட்ஜுக்குக் கூட்டிப் போய்க் கமிஷன் வாங்கினவர். அந்தக் காசில்தான் நான் சோறு தின்றேன். ஆனால் அவர் தன் முகத்தைக் காட்டி, "நான் தரகன், ரூம் பாருங்க, பிடிச்சா எடுங்க" என்றுதான் கேட்பார். ஒரு லாட்ஜில் குழாயில் தண்ணீர் வராது என்றால், "தண்ணி ராவுல வராதுங்க, வாளியில பிடிச்சு வச்சுக்கங்க" என்று அவரே சொல்லிவிடுவார். இவர்கள் பக்கத்தின் நெற்றியில் 'யாருக்கும் சார்பில்லாத ஒப்பீடு' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்று லேசாக உறுத்தியது. பிறகு விட்டுவிட்டேன். சுழல்கிற நாற்காலியில் உட்கார்ந்தவள் இல்லையா!

அந்தத் திமிரில்தான் என் தங்கையிடம் போனில் பீற்றிக்கொண்டேன். அவள் மண்ணச்சநல்லூரில் இருக்கிறாள். முப்பது வருஷம் ரைஸ் மில் களத்தில் நெல் காயப் போட்டவள். என்னைப் போல இல்லை, வாய் துடுக்கு. மகளிர் குழுவில் அவள் பேச்சுக்குத் தனி மரியாதை. "நான் பாத்து சரின்னு சொன்னாத்தாண்டி இங்க அந்தப் பக்கமே வெளிய வரும்" என்று அவளிடம் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

ஒருநாள் நான்கு மணி டீயை எடுத்துக்கொண்டு போகும்போது முதலாளியும் அந்தப் பெண்ணும் சுவர்க் காகிதத்தின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சார், பணம் போனா யாரும் பொறுப்பு இல்லைங்கற பாராவை மேல போடணும்னு நெனைக்கிறேன். பச்சைப் பட்டன் பக்கத்துல."

"போட்டா எவன் அமுக்குவான்?" அவர் சிரித்தபடியே காகிதத்தின் வெள்ளைப் பகுதியைச் சுற்றி வட்டம் போட்டார். அந்த நீல வட்டம் அன்று வந்ததுதான். "இங்கயே இருக்கட்டும். ஆயாம்மா ஒரு தடவைகூட இங்க பாக்கல. சட்டத்துக்கு இருக்கணும், கண்ணுக்கு இருக்கக் கூடாது. கலரையும் இன்னும் கொஞ்சம் மங்கலாக்கு."

"சரி சார்" என்றாள் அந்தப் பெண்.

என்னைப் பார்த்ததும் அவர் அதே சிரிப்போடு, "வாங்க ஆயாம்மா, உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டார்.

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சாக்கடை அடைத்துக்கொண்டு பழைய டீத்தூள் வாடை வந்தது. என் வெட்கத்தை அளந்து எடுத்து, அந்த அளவுக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். நான் படிக்கத் தெரியாமல் பார்க்காதவள் இல்லை, இவர்கள் பின்னால் நின்றதால் பார்க்காதவள். அதுகூடத் தெரியாமல், கிழங்கட்டைகள் இங்கே பார்க்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு வந்தது கோபம் என்று சொல்ல முடியாது. சோற்றில் பல்லி விழுந்ததைப் பாதி தின்ற பிறகு பார்த்தால் வருமே, அந்த மாதிரி. ஆனாலும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போயிட்டு வரேன் சார் என்று சொல்லித்தான் வந்தேன். மறுநாளும் போனேன். அடுத்த வாரம் நாற்காலியிலும் உட்கார்ந்தேன். அந்த நூறு ரூபாயையும் வாங்கினேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது அப்போதுதான்.

பக்கம் வெளியே வந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வந்தாள். உட்காரும் முன்பே செல்போனை நீட்டினாள்.

"என்ன ஆபீசரம்மா, உன் பக்கம் எங்க குழு பூரா சுத்துது தெரியுமா?"

வாழையிலைப் பச்சைப் பட்டன்.

"இத யாருடி உனக்குக் காட்டுனா?"

"நான்தான் அவளுங்களுக்குக் காட்டுனேன். எங்கக்கா பாத்து சரி பண்ணது, கண்ண மூடிக்கிட்டு போடலாம்னு சொல்லிட்டேன். மில்லு கைமாறுனப்போ கணக்கு முடிச்சுக் குடுத்தாங்கல்ல, அந்தப் பணம் பேங்க்ல சும்மா தூங்குது. இங்க அதப்போல ரெண்டு பங்கு வட்டி. புதன்கிழமை குழுக் கூட்டத்துல வச்சே போடப் போறேன். நான் போட்டா பின்னாடியே பதினோரு பேரு போடறேன்னு நிக்கிறாளுங்க."

"போடாதடி."

"ஏன்?"

செல்போனை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளி அடி வரைக்கும் போனேன். பொடி எழுத்து, சாம்பல் நிறம். ஜன்னல் பக்கம் போய் நின்று, எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தேன்.

"இந்த வைப்புகளுக்கு அரசு உத்தரவாதமோ காப்பீடோ கிடையாது. பணம் எடுப்பதை நிறுவனங்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். போட்ட தொகை முழுவதையும் நீங்கள் இழக்க நேரிடலாம். பட்டியலில் உள்ள நிறுவனங்களிடமிருந்து நாங்கள் கட்டணம் பெறுகிறோம்."

தங்கை செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா வாய மூடிக்கிட்டு அவங்களுக்கு டீ ஆத்திக்கிட்டிருந்தியா?"

"எனக்குச் சொல்ல வரலடி."

"பீத்திக்க மட்டும் வந்துச்சாக்கும்!" அவள் எழுந்துவிட்டாள். "இப்படி எல்லாத்துலயும்தான் அடியில எழுதியிருப்பான். மாத்திரை அட்டையில எழுதல? அவ்வளவு கேடுகெட்ட இடம்னா நீ ஏன் நாளைக்கும் அங்க போற? நீ அங்க சம்பளம் வாங்குவ, நான் மட்டும் போடக் கூடாதா? நீ மொதல்ல அங்கிருந்து வெளிய வா. அப்புறம் நான் நம்பறேன்."

அவளுக்காக அரிந்து வைத்த அவரைக்காய் அப்படியே கிடந்தது. சாப்பிடாமல் போய்விட்டாள்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். போகாமல், போனில் சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றுவிடலாம் என்றும் நினைத்தேன். அப்படி நின்றால் வயதாகிவிட்டது, முடியவில்லை என்று அவர்களே ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள்.

அன்று பக்கத்தை மாற்றியிருந்தார்கள். வட்டியை இன்னும் பெரிதாக்கியிருந்தார்கள். ஆனால் நாற்காலியில் என்னை உட்கார வைக்கவில்லை. "ஆயாம்மா பழகிட்டாங்க, புது ஆள் வேணும்" என்று கீழே ஏ.டி.எம். வாசலில் இருக்கிற வாட்ச்மேனை மேலே கூட்டி வந்திருந்தார் முதலாளி. என் வயது இருக்கும் அவருக்கு. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி சுழலுமோ என்று காலைத் தரையில் அழுத்தி ஊன்றி உட்கார்ந்திருந்தார். நான் முதல் நாள் உட்கார்ந்தது போலவே.

"எங்க தோணுதோ அங்க விரல வைங்க ஐயா" என்றாள் அந்தப் பெண்.

அவர் பச்சையில் வைத்தார்.

முதலாளி கையை விரித்தார், தட்டுவதற்கு. நான் டீத் தட்டோடு அவர்கள் பின்னால் நின்றிருந்தேன். "அண்ணே, அடியில என்னமோ எழுதியிருக்கு. அதப் படிங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார். கூச்சமே இல்லாமல் சொன்னார்.

தட்டை மேஜையில் வைத்தேன். குனிந்து, விரலைத் திரையின் அடியில், காகிதத்தில் வெள்ளையாக இருந்த அந்த இடத்தில் வைத்தேன். படிக்க ஆரம்பித்தேன். "இந்த வைப்புகளுக்கு..."

"ஆயாம்மா, டீ ஆறுது" என்றார் முதலாளி.

"...அரசு உத்தர... உத்தரவாதமோ..."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. உதடு ஆடு மாதிரிதான் அசைந்திருக்கும். நிறுத்தவில்லை. நான்கு வரி. எனக்கு அது எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று தெரியாது, எல்லாருடைய டீயிலும் ஆடை கட்டிவிட்டது. முழுவதையும் இழக்க நேரிடலாம் என்ற இடத்தில் வாட்ச்மேன் தன் விரலைத் திரையிலிருந்து எடுத்து பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"என்ன ஆயாம்மா இது, ஸ்கூல் மாதிரி?" முதலாளி அப்போதும் சிரித்தார். "இந்த டெஸ்ட் செல்லாது. கேமராவ ஆஃப் பண்ணு."

"நீங்க நான் பாக்காத இடம்னு வட்டம் போட்டீங்கல்ல சார், அந்த இடத்தத்தான் பாத்தேன்" என்றேன். "நாளையிலேர்ந்து நான் வரல."

அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. சம்பளத்தை மாசக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெண்ணிடம், "ரொம்பக் கீழ இருந்தா துருத்திக்கிட்டு தெரியுது போல. இன்னொரு பக்கத்துக்குக் கொண்டு போயிடு, ஒரு லிங்க் மட்டும் வை" என்றார். நான் அங்கேயே நின்றிருக்கும்போதே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேஜையில் ஆடை கட்டிய எட்டு டம்ளர்கள். கழுவாமல் விட்டுவிட்டு வந்தது அந்த ஒருநாள்தான்.

படியிறங்கி வந்தபோது வாட்ச்மேன் எனக்கு முன்னால் வந்து தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, அந்தப் பச்சைய நான் தொட்டுட்டேனே, எனக்கு எதுவும் ஆகிடாதே?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று தங்கைக்குப் போன் செய்தேன். எடுத்தாள், ஹலோ சொல்லவில்லை.

"வேலைய விட்டுட்டேன்டி."

"நெசமாவா?"

"டம்ளரக்கூடக் கழுவல."

"சரி. நான் போடல. ஆனா குழுவுல நீதான் வந்து சொல்லணும். எங்கக்கா பாத்து சரி பண்ணதுன்னு உன் பேரச் சொல்லித்தான் நான் அவளுங்கள நம்ப வச்சேன். நீயே வந்து இல்லன்னு படிச்சுக் காட்டு. பதினோரு பேரு முன்னாடி."

"பதினோரு பேரா?"

"ஆமா. என்னையும் சேத்தா பன்னெண்டு. புதன்கிழமை மூணு மணி."

புதன்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அந்த நான்கு வரி அடியில் இல்லை. சொன்னபடியே வேறு எங்கோ கொண்டு போயிருந்தார்கள். கொள்ளிடம் பாலம் தாண்டியும் தேடிக்கொண்டே இருந்தேன். டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம், குண்டூசித் தலை அளவு நீல எழுத்து ஒன்றை அமுக்கியதும் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்கிறாளா என்று நான் பார்க்கவில்லை. உதட்டை அசைத்து, சத்தமாக, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.